வெள்ளைப் பூ வந்தால் என்ன அர்த்தம்

ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். நிகழ்தகவுக் கணக்கு புரியாத கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வகை. கோயிலில் பூக் கட்டிப் பார்த்துவிட்டு, வந்த பூவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வரும் பெரியவர்கள் இன்னொரு வகை. பிள்ளைகள் வருவதற்கு நான் பொறுப்பு. பெரியவர்களை அனுப்பி வைப்பது கீழப்பாவூரில் இருக்கும் ஓர் அத்தை. என் அத்தை இல்லை, என் மாணவி ஒருத்தியின் அத்தை. "அந்த டீச்சர் சொன்னா மலைமேல குமாரசாமியே சொன்ன மாதிரி" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

நம் கணிதத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பிள்ளைகள் கேட்க வரும் சந்தேக நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். சூத்திரம் எதுவும் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. பிள்ளைகளும் இப்போது கணக்கைப் போட்டோ எடுத்துப் போட்டு, நாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் விடையைக் காட்டிவிடுகிறார்கள். பிறகு நாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பண்பொழி மலைக் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் எதற்கு என்று தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் துறைத்தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. சந்தேகம் கேட்டு வரும் பிள்ளையின் நோட்டை அவர் வாங்கவே மாட்டார். "நோட்டை மூடு. என்ன கேட்டிருக்கான்?" என்பார். பிள்ளை கேள்வியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பாதி சொல்லும்போதே அதற்கு வழி தெரிந்துவிடும், ஓடிவிடும். அவருக்கு அன்று முழுக்க வேலை இருக்காது. வேலையைத் தட்டிக்கழிக்க மனிதர் நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு வரும். கேள்விதான் வராது. பாடப்புத்தகத்தில் எங்கு பார்த்தாலும் சீட்டுக்கட்டு. நம் வகுப்பில் பாதிப் பேர், சீட்டுக்கட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சோறு கிடைக்காது என்கிற குடும்பங்களில் இருந்து வருகிறவர்கள். ஒரு கட்டில் இருந்து ராணி வர என்ன வாய்ப்பு என்று கேட்டேன். ஒருத்தி எழுந்து, "ஒண்ணு பை அம்பத்திரெண்டு மிஸ்" என்றாள். ஒரு கட்டில் நாலு ராணி இருக்கும் என்றேன். வகுப்பே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "ராஜா எத்தனை மிஸ்?" என்று கேட்டாள். நாலு என்றேன். "அப்பம் சரி" என்று நிம்மதியாக உட்கார்ந்தாள்.

சீட்டே வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்த குற்றாலத்தை வைத்தே கணக்குக் கொடுப்போம் என்று இறங்கினேன். சாரல் அடிக்கும் நாளில் பேரருவியில் குளிக்கத் தடை போடும் வாய்ப்பு இவ்வளவு, இன்று சாரல், இன்று தடை இல்லாமல் இருக்க என்ன வாய்ப்பு? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். "இன்னைக்குத் தடை இல்ல மிஸ், எங்க சித்தப்பா அங்கனதான் எண்ணெய்க் கடை போட்டிருக்காவ, வேணும்னா போன் போட்டுக் கேக்கட்டா" என்றாள் ஒருத்தி. ஒரே ஒரு பெண் மட்டும் தலை நிமிராமல் கணக்குப் போட்டாள். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சுத்தம். ஆனால் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தது தடை இருக்கும் வாய்ப்பை. நான் கேட்டது இல்லாமல் இருக்கும் வாய்ப்பை.

அவள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். எல்லோரும் மொழி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருடமும் அவள் இப்படித்தான். யாரும் கேட்காத கேள்விக்கு அவளைப் போலச் சரியான விடை எழுதியவரை நான் பார்த்ததில்லை. அதற்காக எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனாலும் பாடத்தின் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது. கடைசி வருடம் முடிந்ததும் திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. படிக்க இடமும் வாங்கிவிட்டாள்.

இடம் கிடைத்த வாரமே சந்தேக நேரத்தில் வந்து நின்றாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மிஸ், ஒரு சம். ஒரு தட்டுல ரெண்டு பொட்டலம். ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்புப் பூ. வெள்ளை வர வாய்ப்பு அரை. அதை ஒண்ணா ஆக்கணும்னா என்ன செய்யணும்?"

"ரெண்டுலயும் வெள்ளையை வைக்கணும்" என்றேன், தாளில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"போனும் அதைத்தான் மிஸ் சொல்லுது."

"எந்தப் புத்தகத்துல இருக்கு இது?"

"புத்தகத்துல இல்ல மிஸ். பண்பொழில இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தேன். விஷயம் இதுதான். அவள் அப்பா தென்காசியில் உரக்கடை வைத்திருப்பவர். கடையில் அவர் பேசினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் கீழப்பாவூரில் இருந்து அக்கா வந்துவிட்டால் மனிதருக்குத் தொண்டையே திறக்காது. அந்த அக்காவின் மகன் புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். நல்ல பையன், நல்ல வியாபாரம். மொழி அவனுக்கு முறைப்பெண். படிப்பெல்லாம் போதும், ஆவணியில் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்று அத்தை வந்து உட்கார்ந்துவிட்டார். மொழியின் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "படிப்பா, கல்யாணமா, பூக் கட்டிப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாராம். பண்பொழியில் திருமலைக் குமாரசாமி சன்னதியில் பூக் கட்டிப் பார்ப்பதாக முடிவாகியிருந்தது.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"அப்பா கட்டி வைக்கிற பொட்டலத்தை எடுத்துட்டு, நான் கட்டுனதை வச்சிருவேன். ரெண்டும் வெள்ளை. படிப்பு" என்றாள். கண்ணில் நீர் நின்றது. "நீங்களும் வாங்க மிஸ். கூட இருந்தா தைரியமா இருக்கும்."

சாமி காரியத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அந்தப் பெண் படிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொல்லி ஒட்டிக்கொண்டேன். "அதுக்கென்ன டீச்சர், வாங்க" என்றார்.

அன்று நல்ல சாரல். பண்பொழியில் இறங்கி, மலையடிவாரத்தில் அவர் தேங்காய் பழம் வாங்கப் போனபோது பூக்கூடையை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் மொழி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாத்திட்டேன் மிஸ்."

"பழசை என்ன செஞ்ச?"

"பைக்குள்ள கெடக்கு. சாமிக்குக் கட்டுனது, தூரப் போடக் கூடாதுல்லா."

"பிரிச்சுப் பாத்தியா?"

"எதுக்கு மிஸ்? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. தெரிஞ்சதுதான."

சரிதான் என்று நானும் படியேறினேன். மூட்டுவலி என்பதால் அத்தை ரோடு வழியாக ஆட்டோவில் எங்களுக்கு முன்பே மேலே போய் உட்கார்ந்திருந்தார். நானும் மொழியும் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனோம். அந்த நேரத்தில் அப்பாவும் அத்தையும் சன்னதியில் நின்று சாமியிடம் கேட்டு முடித்துவிட்டார்கள். நாங்கள் வந்தபோது இரண்டு வாழையிலைப் பொட்டலமும் தட்டில், முன்மண்டபத்தில் இருந்தன. சாமி கும்பிட வந்த யாரோ ஒருவருடைய சின்னப் பெண் குழந்தையைக் கூப்பிட்டு, "ஒண்ணை எடு பாப்பா" என்றார் அத்தை.

பாப்பா எடுத்தது. எடுத்த பொட்டலத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தது. மண்டபத் தூணில் இருந்து ஒரு குரங்கு இறங்கியது, பொட்டலத்தைப் பிடுங்கியது, தகரக் கூரையின் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டது. வாழையிலையில் நாரால் கட்டிய எதைப் பார்த்தாலும் அதற்குச் சர்க்கரைப் பொங்கல் ஞாபகம்தான் வரும்போல. பாப்பா அழுதது. அதன் அம்மா எங்களை முறைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தட்டில் ஒரு பொட்டலம் மிச்சம்.

அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "இதுல என்ன இருக்கு? மிச்சத்தைப் பிரி. இது வெள்ளைன்னா அது சிவப்பு. இது சிவப்புன்னா அது வெள்ளை" என்றார்.

"கூடாது" என்றாள் மொழி.

"கூடாதுக்கா" என்றார் அவள் அப்பா, அதே நொடியில்.

மொழி ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தட்டில் இருப்பது வெள்ளை. அதைப் பிரித்தால் குரங்கு கொண்டுபோனது சிவப்பு என்றாகிவிடும். இரண்டும் வெள்ளை என்று வாயைத் திறந்து சொல்ல முடியுமா? நிகழ்தகவு ஒன்று என்று நானும் போனும் சேர்ந்து சொன்னது குரங்கு இல்லாத ஊருக்கு. ஆனால் அவள் அப்பா ஏன் கூடாது என்றார் என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் சாரல் காற்றிலும் மனிதருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீங்க கணக்கு டீச்சர்தான. நீங்க சொல்லுங்க."

புதிதாக வந்த பிள்ளைகளே, இந்த வேலையில் ஒரு நாள் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். யோசிக்க நேரம் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கும். அப்போது நேரம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. வகுப்புக் குரலை எடுத்துக்கொண்டு, "குழந்தை கையில எடுத்தது எதுவோ அதுதான் முடிவு. மிச்சத்தை வச்சு முடிவு சொல்லுறது முறை இல்ல. எடுத்ததைத்தான் பிரிச்சுப் பாக்கணும்" என்று அடித்துப் பேசினேன். அப்பாவும் மகளும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். அத்தைகூட, "அதுவும் சரிதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா ஓடிப் போய் வாழைப்பழம் வாங்கி வந்தார். ஒரு பழத்தைக் காட்டி, "இந்தா, அதைப் போடு, இதைத் தாரேன்" என்று குரங்கிடம் பேரம் பேசினார். குரங்கு இறங்கி வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. பொட்டலத்தைத் தரவில்லை. இன்னொரு பழம் காட்டினார். அதையும் வாங்கிக்கொண்டது. "ஏலே, ஒரு நியாயம் வேண்டாமா" என்றார். உரக்கடையில் யாரிடமும் ஏமாறாத மனிதர். பார்க்கப் பாவமாக இருந்தது.

இதற்குள் அத்தை சன்னதியைப் பார்த்துக் கை கூப்பி வாய்விட்டு வேண்ட ஆரம்பித்தார். "குமாரசாமி, வெள்ளையைக் காட்டிரு. ஆவணியில கல்யாணத்தை முடிச்சு, ரெண்டு பேரையும் இங்கன கூட்டிட்டு வந்து நிறுத்துதேன்."

அவர் பக்கத்தில் போனேன். மெதுவாகக் கேட்டேன். "வெள்ளைன்னா படிப்புதான அக்கா?"

"படிப்பா? வெள்ளைன்னா ஆகட்டும். எது ஆகட்டும்? கல்யாணம். எந்தம்பி எம்முன்னாலதான சன்னதியில நின்னு கேட்டான், குமாரசாமி, இந்தக் கல்யாணம் ஆகணும்னா வெள்ளையைக் கொடு, வேண்டாம்னா சிவப்பைக் கொடுன்னு."

மொழியைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. படிப்பா கல்யாணமா என்று அப்பா சொன்னாரே தவிர, எதற்கு வெள்ளை, எதற்குச் சிவப்பு என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேள்வி என்ன என்றே தெரியாமல் விடையை மட்டும் கல்லில் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று இரண்டு பொட்டலத்திலும் தன் கையாலேயே கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு உதவி செய்தது நான். எங்கள் பழைய துறைத்தலைவர் எங்கிருந்தோ, "என்ன கேட்டிருக்கான்?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

இப்போது குரங்கின் கையில் இருப்பது கீழே வந்தால் கல்யாணம். தட்டில் இருப்பதைப் பிரித்தால், அத்தையின் கணக்குப்படி, படிப்பு. அதாவது சற்று முன்னால் நான் அடித்துப் பேசியதை நானே உடைக்க வேண்டும். நம் வேலையில் இதைவிடக் கஷ்டமானது ஒன்றுமில்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்டதை அழிக்கவே நமக்குக் கை வராது.

"அக்கா, யோசிச்சுப் பாத்தா நீங்க முதல்ல சொன்னதுதான் சரி" என்றேன். "குரங்கு வாயில வச்சிருச்சு பாருங்க. எச்சில் பட்டுட்டு. எச்சில் பூவுல சாமி வாக்கு கேக்கலாமா?"

அத்தை திடுக்கிட்டுக் கம்பியைப் பார்த்தார். குரங்கு உண்மையிலேயே பொட்டலத்தைப் பல்லில் கவ்வியிருந்தது. "ஆத்தீ, எச்சில்லா. எனக்குத் தோணவே இல்லயே. ஏலே தம்பி, அதை விடு, தட்டுல இருக்கறதைப் பிரி."

அப்பா பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "கூடாது டீச்சர். இப்பத்தான நீங்க கூடாதுன்னு சொன்னிய?"

"இப்ப கூடும் அண்ணாச்சி."

"எச்சில் இலையிலதான் பட்டுருக்கும். பூவுல படாது. குரங்கு அதைத் தந்துரும், நான் வாங்கித் தாரேன்."

"நாரு வழியா உள்ள போயிருக்கும் அண்ணாச்சி."

இந்த மனிதர் மகளைக் கட்டிக் கொடுக்க இப்படியா அலைவார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ கையைப் பிசைந்துகொண்டு, கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினார். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாங்கள் இருவரும் நாரையும் எச்சிலையும் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோதே மொழி போய்த் தட்டில் இருந்ததை எடுத்து, நாரை அவிழ்த்து, கையை நீட்டினாள்.

வெள்ளை அரளி.

அத்தை உதடு அசைய ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இது வெள்ளைன்னா அது சிவப்பு. "குமாரசாமி வேண்டாம்னுட்டான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பாவம், ஆசையாகத்தான் இருந்திருக்கிறார். சாமியோடு சண்டை போடும் ஆள் இல்லை. "சரி, படிக்கட்டும். அவன் சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்."

அப்பா அந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்துக் குரங்குக்கு நார் அவிழ்ந்தது. உள்ளே பொங்கல் இல்லை. கோபத்தில் இலையை வீசியது. பிறகு பூவை வீசியது. பூ சரியாக என் காலடியில் வந்து விழுந்தது, பளிச்சென்று, வெள்ளையாக. அத்தை இன்னும் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். சாமி பூவைக் காலால் மிதிக்கவும் முடியாது, குனிந்து எடுத்தால் என்ன என்று கேட்பார். "தலையைச் சுத்துது" என்று சொல்லிவிட்டு அப்படியே பூவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருட அனுபவத்தில் நான் எடுத்த விரைவான முடிவு அதுதான்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலையோ, படியேறுன களைப்பு" என்று அத்தை எனக்கு முந்தானையால் விசிறினார், தண்ணீர் கொடுத்தார், நெற்றியில் திருநீறு பூசினார். அவ்வளவு நல்ல மனுஷி. நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் ஆட்டோவில் ஏறிப் போன பிறகுதான் எழுந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் படியில் இறங்கினோம். பாதி வழியில் பின்னால் இருந்து, "டீச்சர், உங்க சேலையில பூ" என்றார் அப்பா. நசுங்கிய வெள்ளை அரளியை மகளை எடுக்கச் சொல்லி, வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பை வச்சுக் கட்டுனா, வெள்ளை வர எவ்வளவு வாய்ப்பு?"

"பூஜ்யம்" என்றேன், பழக்கத்தில். இன்னும் இரண்டு படி இறங்கினேன். பிறகுதான் நின்று திரும்பினேன். "என்ன கேட்டிய?"

மொழி படியில் உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்து, அப்பா கட்டிய இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மடியில் வைத்து அவிழ்த்தாள். ஒன்றில் சிவப்பு அரளி. மற்றதிலும் சிவப்பு அரளி.

"அப்பா" என்றாள்.

அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா வெள்ளை இல்லன்னுட்டாட்டி."

"அந்தம்மாகிட்டதாம்பா நான் வெள்ளை வாங்குனேன்."

அவர் ஒரு படி கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்குரல் எங்கே போனதோ. "அக்காகிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வராதுட்டி. அவதான் என்னைச் சோறு போட்டு வளத்தா. நான் சொன்னா வருத்தப்படுவா. சாமி சொன்னா ஏத்துக்கிடுவா. உன் படிப்பு போயிரக் கூடாதுன்னுதான் அப்பிடிக் கட்டுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா."

"நீ எங்கிட்ட சொன்னியாட்டி, படிக்கணும்னு? இடம் கெடச்சிருக்குன்னு சொன்ன. அதோட போய் ரூமுக்குள்ள இருந்துக்கிட்ட."

மொழி அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே ஆசையோடு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சாமியையே ஏமாற்றத் துணிந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தட்டும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து மொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "மிஸ், நான் மாத்தாம விட்டிருந்தா? அப்பா கட்டுன ரெண்டு சிவப்பும் தட்டுல இருந்து, அப்பவும் குரங்கு வந்திருந்தா?"

"நீயே சொல்லு."

"என்ன கேக்கோம்னு முதல்ல சொல்லிருதேன் மிஸ்" என்றாள். என் மூன்று வருட உழைப்புக்குக் கிடைத்த முதல் கூலி அதுதான். விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆகுமா ஆகாதான்னு கேள்வி. குரங்கு கொண்டுபோனது சிவப்பு. தட்டுல மிச்சம் சிவப்பு. எச்சில்னு சொல்லி அதைப் பிரிச்சா, இது சிவப்புன்னா அது வெள்ளைன்னு அத்தை சொல்லிருப்பாவ. வெள்ளைன்னா ஆகட்டும்." நிறுத்தினாள். "ஆவணியில கல்யாணம் மிஸ்."

சரியான விடை. கேட்ட கேள்விக்கே.

அப்பா அதை உள்ளுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, குரங்கு. பிறகு வெள்ளை, வெள்ளை, அந்தக் குரங்கு மட்டும் வராமல் இருந்திருந்தால்? மெல்ல எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே மேலே ஏற ஆரம்பித்தார்.

"எங்க போறிய அண்ணாச்சி?"

"நீங்க உக்காந்திருங்க டீச்சர்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "அதுக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிக் குடுத்துட்டு வந்திருதேன்."